கோத்தகிரியில் உட்கார்ந்து சூடானைப் பற்றிப் பேசுவது எப்படி? சிறு அறக்கட்டளைகளுக்கு ஒரு டிஜிட்டல் பிரச்சார வழிகாட்டி

எங்கள் வீட்டு அலமாரியில் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்று இருக்கிறது. அட்டையில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர் என் பாட்டி. படத்துக்குக் கீழே, ‘இவருக்கு ஒரு வேளை உணவளிக்க உதவுங்கள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பாட்டி டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. பி.எஃப். பிடித்தம் போகச் சம்பளம் வாங்கியவர். தானும் மூன்று வேளை சாப்பிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் போட்டவர். “சும்மா ஒரு போட்டோம்மா” என்று சொல்லித்தான் எடுத்தார்களாம். அது எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பிரசுரம் எப்படியோ சுற்றிச் சுற்றி எங்கள் லைனுக்கே (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கே) வந்து சேர்ந்தபோது பாட்டி கேட்டது இதுதான்: “அன்னைக்கு நல்ல சேலை கட்டியிருந்தேனே, அதக்கூடப் பாக்கலையா?”

இப்போது நான் அந்தப் பக்கம் நிற்கிறேன். நீலகிரியின் கோத்தகிரியில் மூன்று பேர் நடத்தும் சிறு அறக்கட்டளையில் போன், போஸ்டர், வாட்ஸ்அப், வீடியோ எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு ஜூன் 20 அன்றும், உலக அகதிகள் தினத்துக்கு, வெளிநாட்டு மனிதாபிமான நெருக்கடி ஒன்றை எடுத்து மலையில் பேசுகிறோம். அப்படி எடுத்ததுதான் ஆப்பிரிக்காவின் சூடானில் நடக்கும் போர். செய்து, தவறி, திருத்திக் கற்றதைப் படிப்படியாக எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களின் அனுபவத்தில் நமக்கு எது உதவும், எது உதவாது என்பதும் இடையிடையே வரும்.

படி 1: ஒரே விஷயம், ஒரே வேண்டுகோள்

முதல் வருடம் நாங்கள் போட்ட போஸ்டரில் ஐந்து வேண்டுகோள்கள் இருந்தன. பகிருங்கள், கையெழுத்திடுங்கள், நன்கொடை தாருங்கள், கூட்டத்துக்கு வாருங்கள், புரொஃபைல் படத்தை மாற்றுங்கள். படத்தை மாற்றியவர்கள் சிலர் உண்டு. மற்ற நான்கையும் யாரும் சீண்டவில்லை. மறு வருடம் ஒன்றே ஒன்று: ‘ஜூன் 20 மாலை ஆறு மணிக்குச் சமுதாயக் கூடத்துக்கு வாருங்கள்.’ பாய் போதவில்லை.

அம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்தும் கடித இயக்கம் இந்த வகையில் நல்ல பாடம். 2001இல் போலந்தின் வார்சாவில் ஒரு சிறு குழு 24 மணி நேரம் தொடர்ந்து கடிதம் எழுதியதில் தொடங்கியது அது. கேட்பது ஒன்றுதான்: இந்த மனிதருக்காக ஒரு கடிதம் எழுதுங்கள். யாருக்கு, எதற்காக என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நாம் செய்யவேண்டியது பேனாவை எடுப்பது மட்டும்.

இதற்கு எதிர்ப்பாடமும் உண்டு. 2012 மார்ச்சில் உகாண்டாவின் ஆயுதக்குழுத் தலைவன் ஜோசஃப் கோனியைப் பற்றி இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமெரிக்க அமைப்பு அரைமணி நேர வீடியோ ஒன்றை வெளியிட்டது. ஆறே நாளில் பத்துக் கோடிப் பார்வைகள். ஆனால் ஏப்ரல் 20 அன்று இரவு ஊர் ஊராகத் தெருவில் இறங்கிப் போஸ்டர் ஒட்டுங்கள் என்று அழைத்தபோது பல ஊர்களில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வந்தது. விஷயத்தை ரொம்பவும் எளிமைப்படுத்திவிட்டார்கள் என்று உகாண்டாவிலேயே கோபப்பட்டார்கள். பார்ப்பது ஒன்று, எழுந்து வருவது வேறொன்று.

ஆகவே, முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: ‘இதைப் பார்த்த ஒருவர் அடுத்த பத்து நிமிடத்தில் செய்யவேண்டியது என்ன?’ பதில் ஒரே வாக்கியத்தில் வராவிட்டால் போனைத் தொடாதீர்கள்.

படி 2: மலைக்கும் அந்த நாட்டுக்கும் நடுவே ஒரு நூலைத் தேடுங்கள்

சூடான் எங்கே இருக்கிறது என்று கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் கேட்டால் பலருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புவது என்றால் என்னவென்று இந்த மலையில் பாதிப் பேருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். விட்டுப்போன 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் பதிவு, பிறகு மலை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டேன்டீ அதுதான். காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஊர் வாயில் இன்னமும் ‘சிலோன்காரங்க’.

இந்த நூல் கிடைத்ததும் எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது. யுஎன்எச்சிஆர் என்ற ஐ.நா. அகதிகள் அமைப்பு 2014இல் நாடற்ற நிலையை ஒழிக்கப் பத்தாண்டுப் பிரச்சாரம் ஒன்றைத் தொடங்கியது. உலகில் கணக்கில் வந்த நாடற்றோர் மட்டும் சுமார் 44 லட்சம். அந்தச் செய்தியை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். ‘உங்கள் தாத்தாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாத காலம் நினைவிருக்கிறதா?’ என்று தொடங்கினால் திறக்கிறார்கள்.

இதே உத்தியைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. சிரியப் போர் மூன்றாண்டு கடந்தபோது, 2014 மார்ச்சில், பிரிட்டனின் சேவ் த சில்ட்ரன் அமைப்பு ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றை வெளியிட்டது. அதில் சிரியாவே இல்லை. லண்டன் சிறுமி ஒருத்தி. நாளுக்கு ஒரு விநாடியாக அவள் வாழ்க்கையில் ஓராண்டு. ஒரு பிறந்தநாள் கேக்கில் தொடங்கி அடுத்த பிறந்தநாளில் முடிகிறது, நடுவில் போர் வந்துவிடுகிறது. பார்ப்பவரின் ஊருக்கே போரைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. நூல் என்றால் நூல்தான். இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்களும் சூடானின் தார்ஃபூரில் குண்டுக்குப் பயந்து ஓடியவர்களும் ஒரே கதை இல்லை. எங்கள் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் எழுந்து, “எங்கள யாரும் சுடலப்பா, ஏமாத்துனாங்க, அவ்வளவுதான்” என்று திருத்தினார்.

படி 3: எண்களைச் சரிபாருங்கள், மலைக்கணக்கில் சொல்லுங்கள்

யுஎன்எச்சிஆர் கணக்குப்படி 2024 முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12.32 கோடிப் பேர். இவர்கள் எல்லோரையும் ‘அகதிகள்’ என்று எழுதுவதுதான் தமிழில் நடக்கும் முதல் தவறு. இதில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். எல்லை கடந்தவர்தான் அகதி. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர், புகலிடம் கோருவோர், நாடற்றோர் எல்லாம் வேறு வேறு. சொல்லுக்கு எடை உண்டு. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையே ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது அதனால்தான்.

12.32 கோடி என்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள் தொகை 7.35 லட்சம். அப்படி 167 நீலகிரிகள் காலியானால் எப்படி இருக்கும் என்று சொன்னேன். அப்போதுதான் முன்வரிசைப் பெண்கள் ‘அட’ என்றார்கள்.

மில்லியன் கணக்கில் கவனமாக இருங்கள். சூடானில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் 2023 ஏப்ரல் 15 அன்று போர் மூண்டது. அதற்கு முன்பே கிளம்பியவர்களையும் சேர்த்து 2024 முடிவில் இடம்பெயர்ந்திருந்த சூடானியர்கள் 14.3 மில்லியன், அதாவது 1.43 கோடி. நான் போஸ்டரில் 14.3 லட்சம் என்று போட்டுவிட்டேன். குன்னூரில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு, “ஒண்ணே கால் கோடிப் பேர எங்க தம்பி தொலைச்ச?” என்று கேட்டார். அன்றிலிருந்து விதி: போஸ்டரில் மில்லியன் என்ற சொல்லே வராது, எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தேதிக் கணக்கு என்று இருக்கும், இரண்டாவது ஆள் பார்க்காமல் வெளியே போகாது. எண்களுக்கு ரிலீஃப்வெப் தளம் போதும். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 1996 முதல் நடத்துவது. எல்லா அமைப்புகளின் அறிக்கைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

படங்களின் கதை இதைவிட மோசம். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது, சின்னஞ்சிறு அண்ணன் தங்கையை அணைத்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று எல்லோர் போனுக்கும் வந்தது. அந்தப் படம் 2007இல் வியட்நாமின் ஹாஜியாங் மாகாணத்தில் எடுத்தது. எடுத்த புகைப்படக்காரரே முன்வந்து சொன்னார். அதற்கு முன்பே அதே படம் சிரியப் பிள்ளைகள் என்றும் சுற்றியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அப்போது பக்கத்து வயலில் வேலையில் இருந்தார்கள்.

ஆகவே எந்தப் படம் வந்தாலும் கூகுள் லென்ஸில் போடுங்கள். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். நெருக்கடி தொடங்கிய தேதிக்கு முன்பே படம் எங்காவது இருந்தால் கதை முடிந்தது. பிறகு கடைப் பலகையின் எழுத்து, வண்டி நம்பர் பலகை, ஆட்கள் போட்டிருக்கும் உடை. தார்ஃபூர் என்று சொல்லும் படத்தில் பனி பெய்தால் சந்தேகப்பட வேண்டாமா?

செயற்கை நுண்ணறிவில் படம் தயாரித்துப் போடலாமே என்று எங்கள் தன்னார்வலர் ஒருவர் கேட்டார். யாரையும் சங்கடப்படுத்த வேண்டாமே என்பது அவர் வாதம், நியாயமான வாதமும்கூட. ஆனால் அம்னெஸ்டியே 2023இல் கொலம்பியப் போராட்டம் பற்றி அப்படிப் படங்கள் போட்டு, கண்டனம் எழுந்து, எடுத்துவிட்டது. ஒரு படம் பொய் என்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் உண்மையும் பொய்யாகிவிடும். ஓவியம் வரையத் தெரிந்த பிள்ளைகள் ஊட்டிக் கல்லூரியில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

படி 4: மனிதரிடம் போவது

அவசரப்படாமல் செய்யவேண்டிய படி இது. ஏன் ஒரு மனிதரைத் தேடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சோதித்தார்கள். கையில் ஐந்து டாலர். ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்டபோது மக்கள் கொடுத்தது சராசரி 1.14 டாலர். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையைக் காட்டியபோது 2.38. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது கூட வேண்டும் அல்லவா? 1.43 ஆகக் குறைந்தது. எண் வந்ததும் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. படி 3இல் எண்களுக்கு அவ்வளவு மெனக்கெட்டேன், உண்மைதான். ஆனால் அவை பேச்சுக்கும் கேள்வி பதிலுக்கும். போஸ்டரின் நெற்றியில் மனிதர்தான்.

அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. 1984–85 எத்தியோப்பியப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகெங்கும் பணம் திரட்டின. ஆனால் ஒரு கண்டத்தையே கையேந்தும் கண்டமாக்கிவிட்டோமே என்று அந்த அமைப்புகளே பிறகு வருந்தின. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து, எந்த மாதிரிப் படம், எந்த மாதிரி வாசகம் என்று ஒரு நடத்தை விதியையே கொண்டுவந்தார்கள். நார்வே மாணவர் அமைப்பு ஒன்று 2012இல் இதைக் கிண்டலடித்தே வீடியோ போட்டது. நார்வேயில் குளிராம், பாவம், ஆப்பிரிக்கர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஹீட்டர் அனுப்புங்கள் என்று. ஜனவரி உறைபனியில் எங்கள் லைனில் அதைப் போட்டுக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நமக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு.”

நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோடர் பழங்குடியினரின் மந்துகளுக்கு (குடியிருப்புகளுக்கு) முன்னால் கேமராவை நிறுத்தியவர்கள் வந்துபோனார்கள். இன்றைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேட்காமலேயே படம் எடுப்பவர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள்.

சரி, நாங்கள் எப்படிச் செய்கிறோம்? முதல் நாள் கேமரா, போன் எதுவும் வெளியே வராது. டீ குடித்துப் பேசிவிட்டு வருவதோடு சரி. ஒரு இரவு கழியட்டும். மறுநாளும் சம்மதம் இருந்தால்தான் அடுத்த பேச்சு. சம்மதத் தாள் தமிழில், ஒரே பக்கத்தில், நாங்களே உரக்கப் படித்துக் காட்டி: படம் எங்கெல்லாம் வரும், எத்தனை மாதம் இருக்கும், வேண்டாம் என்று தோன்றினால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: “இதை உங்கள் சம்பந்தி பார்த்தால் பரவாயில்லையா?” ‘இணையத்தில் உலகமே பார்க்கும்’ என்றால் தலையாட்டிவிடுவார்கள். சம்பந்தி என்றதும்தான் யோசிக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று பேர் பின்வாங்கினார்கள். நல்லது.

முடிந்ததும் வெளியிடுவதற்கு முன்பே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாசகத்தோடு காட்டுங்கள். என் பாட்டிக்கு யாராவது அந்த அட்டையை முன்கூட்டிக் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் திருத்தியிருப்பார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் கறார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுவரை குழந்தை என்கிறது. பெற்றோர் சம்மதம் கட்டாயம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டமே தடுக்கிறது. எங்கள் வழக்கம் இன்னும் எளிது: குழந்தை முகம் போடுவதில்லை. கை, செருப்பு, பள்ளிப் பை போதும்.

இன்னும் ஊருக்குத் திரும்ப முடியாத நிலையில் இருப்பவர், அல்லது ஊரில் உறவினரை விட்டுவிட்டு வந்தவர் என்றால் முகம், பெயர், இருக்கும் இடம் மூன்றும் வேண்டாம். குரலைக்கூட வேறொருவர் பேசலாம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். தரம் குறையாமல் இருக்க டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டே கிளம்புங்கள்.

படி 5: தயாரிப்பு

போஸ்டரைவிட மலையில் ஓடுவது குரல் பதிவு. முக்கால் நிமிடம் போதும். கொழுந்து பறித்துக்கொண்டே கேட்கலாம், எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கேட்கலாம், பந்தலூரில் ஜூன் மழையில் ஒற்றைக் கோடு சிக்னல் இருந்தாலும் இறங்கிவிடும். எங்கள் முதல் பதிவு இப்படி இருந்தது:

“வணக்கம். தலைமன்னார்ல கப்பல் ஏறுனப்ப எனக்கு ஒம்பது வயசு. ஒரு தகரப் பெட்டி. அதுக்குள்ள நாலு பாத்திரம், அம்மாவோட கல்யாணச் சேலை. கப்பல்ல எனக்குப் பசிக்கல, எங்க போறோம்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், யாரும் சொல்லல. இப்ப சூடான்னு ஒரு நாட்டுல புள்ளைங்க அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருக்கும். இருவதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்துக்கு வாங்க. காசு கேக்க மாட்டோம்.”

எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை இது. அரைமணி நேரம் பேசவிட்டு வெட்டியது. ‘யாரும் சொல்லல’ என்பதை நான் உட்கார்ந்து எழுதியிருந்தால் வந்திருக்காது. இதையே படுகு மொழியில் வேறொருவர் பேசி, படுகர் ஊர்களுக்குத் தனியாக அனுப்பினோம்.

வீடியோ என்றால் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து, முதல் மூன்று விநாடியிலேயே ஆள் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். லோகோ கடைசியில் வரட்டும். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் தமிழில் வரி ஓடட்டும். பத்து எம்.பி.க்குள் அடக்குங்கள். போஸ்டர் அடிப்பவரிடம் யூனிகோடு எழுத்துருதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருவில் செய்தால் அதே வாசகத்தை வேறெங்கும் ஒட்ட முடியாது, தேடினாலும் அகப்படாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றவரின் போன் படித்துக் காட்டாமல் போகலாம். அதே வாசகத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள்.

படி 6: பணம் கேட்பதானால்

கேட்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் கைபேசி வழியே திரட்டுவதன் வலிமையை மறுக்க முடியாது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் பத்து டாலர், அப்படியே 3.2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. 2014இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவாலில் நரம்பு நோய் ஒன்றுக்கான அமெரிக்க அமைப்புக்கு 11.5 கோடி டாலர்.

நமக்கு அப்படி இல்லை. இந்திய அறக்கட்டளை வரிவிலக்கை இழக்காமல் தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் தேவை. அது இல்லாமல் ‘சூடானுக்காக’ என்று உண்டியல் வைத்தால் நல்லெண்ணத்தோடு சிக்கலில் மாட்டுவோம். அனுமதியோடு அங்கே வேலை செய்யும் அமைப்பின் நன்கொடைப் பக்கத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூட்டச் செலவுக்குத் திரட்டுவதானால் அறக்கட்டளைக் கணக்கின் கியூஆர் மட்டும். ‘என் ஜிபேக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்’ என்பது ஒருமுறைகூட வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது.

அப்புறம், மாமா. கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா பாசத்தோடு அனுப்பும் 5,000 ரூபாய் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இருந்து, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கு வந்தால்தான் வாங்கலாம். துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் தம்பி தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியே அனுப்புவது அப்படி இல்லை. நம் வீடியோவை முதலில் பார்த்து நெகிழ்வதும் வெளிநாட்டுச் சொந்தங்கள்தான் என்பதால் இதைப் பதிவிலேயே ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 7: அனுப்புவது

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். எனவே பிரச்சாரத்துக்கு ஒரு மாதம் முன்பே ‘இந்த நம்பரைச் சேமியுங்கள்’ என்று கேளுங்கள். 2018இல் இருந்து இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. பலமுறை சுற்றிய செய்தியை 2020இல் இருந்து ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். நாங்கள் ஒரே கோப்பைச் சுற்றவிடாமல் லைனுக்கு ஒருவர் என்று ஆள் பிடித்து, அவரவர் குரலில் இரண்டு வரி சேர்த்து அனுப்பச் சொல்கிறோம். பேஸ்புக் விளம்பரம் போடுவதானால் சமூகப் பிரச்சினை என்ற வகையில் அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். அதற்கு நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

நேரம்: காலையில் யாரும் பார்ப்பதில்லை. தேயிலை எடை போட்டு வீடு திரும்பி, அடுப்பில் உலை ஏறிய பிறகு, ஏழிலிருந்து எட்டரை.

முடிந்தால் மற்றவர்களோடு சேருங்கள். பிரிட்டனில் 1963 முதல் பெரிய தொண்டு நிறுவனங்கள் பேரிடர் என்றால் ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே வேண்டுகோள் விடுக்கின்றன. இங்கே ஒரே ஜூன் 20 அன்று ஒரே ஊரில் மூன்று அமைப்புகள் மூன்று கூட்டம் போட்ட கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

படி 8: ‘நம்ம ஊர்ல இல்லாத கஷ்டமா?’

இந்தக் கேள்வி வரும். முதல் மணி நேரத்திலேயே வரும். எங்களுக்கு வந்தது இப்படி: “லைன் கூரை ஒழுகுது, அத எழுத ஆளில்ல. சூடானாம்.” பதில் எழுதக் கை துறுதுறுக்கும். மனிதநேயத்துக்கு எல்லை இல்லை என்ற மாதிரி எதையும் எழுதிவிடாதீர்கள். அவர் கேட்டது நியாயம். நான் அவருக்குத் தனியாகப் போன் செய்தேன். கூரையைப் படம் எடுத்து, மனு எழுத உதவினோம். ஜூன் 20 அன்று அவர் வரவில்லை, மனைவி வந்தார்.

வசவுகளுக்கும் மதச்சண்டைக்கும் பதில் வேண்டாம். நீக்குங்கள். ஆனால் ‘இந்த எண் தவறு’ என்று யாராவது எழுதினால் அதை நீக்காமல், திருத்தி, நன்றி சொல்லுங்கள். குன்னூர் ஆசிரியர் இப்போது எங்கள் இரண்டாவது கண்.

படி 9: ஆறு வாரம்

2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் உயிரற்று ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் வந்த வாரம், சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திறந்திருந்த நிதிக்கு நாள் சராசரி நன்கொடைகள் முந்தைய வாரத்தைவிட நூறு மடங்குக்கு மேல். ஆறு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிட்டது. படம் அதேதான், போரும் முடியவில்லை.

அதனால் எங்கள் நாட்காட்டி ஜூன் 20 அன்று முடியாது. வாரம் ஒரு செய்தி, ஆகஸ்ட் முதல் வாரம் வரை: கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள், அதற்குப் பதில், சூடானில் அந்த வாரம் என்ன நடந்தது. லைக்குகளைக் குறித்துக்கொள்வதில்லை. யுனிசெஃப் ஸ்வீடன் 2013இல் லைக் போட்டால் தடுப்பூசி வராது என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தது. நாங்கள் நோட்டில் எழுதுவது மூன்று: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திருப்பிக் கேள்வி கேட்டார்கள், அடுத்த வருடம் பேச யார் முன்வந்தார்கள்.

ஆறாவது வாரம் சம்மதத் தாள்களை எடுத்துப் பார்ப்போம். மாதக்கணக்கு முடிந்த படங்களையும் குரல் பதிவுகளையும் பக்கத்தில் இருந்தும், டிரைவில் இருந்தும், என் போனில் இருந்தும் அழித்துவிட்டு, சம்பந்தப்பட்டவருக்கு ‘அழித்துவிட்டோம்’ என்று செய்தி அனுப்புவோம். கப்பல் கதை சொன்ன அம்மாவுக்கு அனுப்பியபோது உடனே திருப்பிக் கூப்பிட்டார். “எதுக்கு அழிச்ச? பேத்திக்குப் போட்டுக் காட்டணும்னு இருந்தேனே.” நல்லவேளை, அவருக்கு முன்கூட்டி அனுப்பிய பிரதி அவர் போனிலேயே இருந்தது. எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுக்க மறுநாள் லைனுக்குப் போனேன்.